ஒரு ‘ஸ்’ படுத்தும் பாடு

வியாழக்கிழமை என்றால் விவேக் நகரில் கால் வைக்க இடம் இருக்காது. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வருகிறவர்கள் எந்த மதம், எந்த ஊர் என்று கணக்கு இல்லை. உள்ளே தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வழிபாடு நடக்கும். வெளியே மெழுகுவர்த்தி விற்கிற அம்மாள் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே மொழியை மாற்றிக்கொண்டு விலை சொல்வார். இந்தத் தெருக்களில் வளரும் நம் பிள்ளைகளின் காதில் ஒரே நாளில் நாலைந்து மொழிகள் விழுகின்றன. அப்படிப்பட்ட பிள்ளை ஆங்கிலப் பரீட்சைத் தாளை மட்டும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவானேன்?

மாலை வேளைகளில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். அப்படி ஒரு வியாழக்கிழமை, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாயார் அவனுடைய கட்டுரை நோட்டை என்னிடம் நீட்டினார். தலைப்பு ‘என் தாய்’. ‘மை மதர் கெட் அப் அட் ஃபைவ் ஓ க்ளாக். ஷி குக் ஃபுட். ஷி கோ டு ஒர்க். ஷி கம் ஹோம் அட் செவன்.’ பத்து வரி. பத்திலும் ஒரு சிவப்பு வட்டம். ‘கெட்’ என்பது ‘கெட்ஸ்’ என்று இருக்க வேண்டும், ‘குக்’ என்பது ‘குக்ஸ்’ என்று இருக்க வேண்டும். பத்து இடத்திலும் விட்டுப் போனது ஒரே ஒரு ‘ஸ்’.

“சார், இவனோட மிஸ் வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு சொல்றாங்க. எனக்கு ஏது சார் இங்கிலீஷ்? அவங்க அப்பாவும் தெரிஞ்ச வரைக்கும் பேசத்தான் பேசறாரு” என்றார் அந்த அம்மா.

எப்படிப் பேசுகிறார் என்று கேட்டேன். பையனே சொல்லிக் காட்டினான்: “சீக்கிரம் ஈட் பண்ணு. ஹோம்ஒர்க் ரைட் பண்ணினியா? தம்பி ஸ்லீப் பண்றான், டிஸ்டர்ப் பண்ணாதே.”

சிரிக்க வேண்டாம். நம்மில் எத்தனை வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது! இந்தப் பேச்சிலேதான் அந்த ‘ஸ்’ தொலைந்தது என்பது என் எண்ணம். சற்றுக் கவனித்துப் பாருங்கள். ‘ஸ்லீப் பண்றான், ஸ்லீப் பண்ணினான், ஸ்லீப் பண்ணுவான், ஸ்லீப் பண்றாங்க.’ காலம் மாறுகிறது, ஆள் மாறுகிறார், ஒருமை பன்மையாகிறது. இத்தனை மாற்றத்தையும் தாங்குவது யார்? ‘பண்ணு’ என்னும் தமிழ்ச் சொல். ஆங்கிலச் சொல் ‘ஸ்லீப்’ அசையாமல் அப்படியே கிடக்கிறது. பிறந்தது முதல் அந்தச் சொல்லை இப்படியே கேட்டு வளர்ந்த பிள்ளை, நோட்டில் எழுதும்போது தமிழ்ப் ‘பண்ணு’வை எடுத்துவிடுகிறான். மிஞ்சுவது மொட்டைச் சொல். ‘மை பிரதர் ஸ்லீப்.’ வீட்டில் ஆங்கிலம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஆங்கில வினைச்சொல்லுக்கு வால் கிடையாது என்று பிள்ளைக்குத் தினமும் நாமே பாடம் நடத்தியிருக்கிறோம்.

வால் என்றால் என்ன என்பது நம் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. ‘வா’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறேன், வருகிறோம், வருகிறாய், வருகிறீர்கள், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறார்கள், வருகிறது, வருகின்றன. நிகழ்காலத்துக்கு மட்டும் பத்து உருவம். இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் சேர்த்தால் முப்பது ஆக வேண்டும். எதிர்காலத்தில் ‘அது’வும் ‘அவை’யும் ‘வரும்’ என்ற ஒன்றையே பங்கு போட்டுக்கொள்வதால் 29. இதைப் பள்ளிக்கூடம் போகாத குழந்தையும் யோசிக்காமல் சொல்லும். ஆங்கிலத்தின் ‘கம்’ என்ற சொல்லுக்கோ கம், கம்ஸ், கேம், கமிங் என்று மொத்தமே நான்கு உருவந்தான். இருபத்தொன்பதைச் சுமக்கிறவன் நான்கில் தடுக்கி விழுகிறான் என்றால் புத்தி மந்தம் காரணமாக இருக்க முடியுமா?

காரணம் வேறு. தமிழில் விகுதிக்கு வேலை இருக்கிறது. ‘வந்தாள்’ என்று மட்டும் சொன்னால் போதும். வந்தவர் ஒருவர், பெண், எதிரில் இல்லாதவர், வந்து முடிந்தது என்று நாலு செய்தியும் அதில் வந்துவிடும். எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஷி’ என்று முதலிலேயே ஆளைச் சொல்லித் தீரவேண்டும். சொன்ன பிறகு, வினையின் கடைசியில் வரும் ‘ஸ்’ புதிதாக எதையும் சொல்வதில்லை. ‘ஷி கோ’ என்றாலும் பொருள் விளங்குகிறது. வேலை செய்யாத உறுப்பைக் காது கவனிப்பதில்லை. அதனால் பிள்ளை அதை விட்டுவிடுகிறது.

அந்த ‘ஸ்’ ஒரு பழைய வீட்டின் இடிந்த தூண் மாதிரி. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் நான், நீ, அவன் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விகுதி இருந்தது. 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தை வைத்திருப்பவர்கள் புரட்டிப் பார்க்கலாம்: ‘நீ’ என்பதற்கு ‘எஸ்ட்’ என்றும், ‘அவன்’ என்பதற்கு ‘எத்’ என்றும் வினைகள் முடியும். இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சிலிருந்து வந்த ‘ஸ்’, ‘எத்’தை மெல்ல விரட்டிவிட்டது. ‘நீ’ என்பதற்கு உரிய சொல்லே வழக்கொழிந்து அதன் விகுதியும் போயிற்று. எல்லாம் விழுந்து மிஞ்சியது இந்த ஒன்று. நம் வீடு இன்னும் எல்லாத் தூண்களோடும் நிற்கிறது.

இன்னொரு செய்தியும் பெற்றோருக்கு ஆறுதல் தரும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜர் பிரவுன் என்ற உளவியல் அறிஞர், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல மாதங்கள் பதிவு செய்து ஆராய்ந்து 1973-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தின் 14 இலக்கணத் துணுக்குகளை அந்தக் குழந்தைகள் எந்த வரிசையில் கற்றார்கள் என்று அதில் கணக்கெடுத்திருக்கிறார். ‘கோயிங்’ என்பதில் வரும் ‘இங்’ முதலிடம். நம் ‘ஸ்’ஸுக்குப் பத்தாம் இடம். அடுத்த ஆண்டு ஹைடி டுலே, மரீனா பர்ட் என்ற இருவர், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் சீன, ஸ்பானியக் குழந்தைகளைச் சோதித்தபோதும் அது பின்வரிசையில்தான் நின்றது. வெள்ளைக்காரக் குழந்தைக்கே தாமதமாக வருவது, விவேக் நகர்ப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் வரவில்லை என்று தலையில் குட்ட வேண்டியதில்லை.

ஆனால் எல்லாத் தவறும் விட்டுப் போவதால் வருவதில்லை. சில தவறுகள் தமிழ் நன்றாகத் தெரிவதாலேயே வருகின்றன. ஒரு சிறுமி ‘மை கிராண்ட்ஃபாதர் ஆர் கமிங்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்துவிட்டு ‘இஸ்’ என்று எழுதியிருந்தார். சிறுமிக்கு மனசு வரவில்லை. “தாத்தா வர்றாங்கன்னுதானே சொல்லணும்? ‘இஸ்’னா வர்றான்னு ஆயிடாதா?” என்று கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! மரியாதைப் பன்மை ஆங்கில வினையில் இல்லை. தாத்தாவும் பூனைக்குட்டியும் அங்கே ஒரே ‘இஸ்’தான். அதைச் சொன்ன பிறகு அவள் அந்தப் பிழையைச் செய்யவில்லை. சிவப்பு மை போட்டுத் தெரியாத விஷயம் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னதும் தெரிந்துவிட்டது.

அஃறிணைப் பன்மையும் இப்படித்தான். எழுத்தில் ‘மாடுகள் வருகின்றன’ என்கிறோம். பேச்சில் ‘மாடெல்லாம் வருது’ என்றே சொல்கிறோம். அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குப் போனால் ‘தி காவ்ஸ் இஸ் கமிங்’. மேடையில் பேசுகிற பெரியவர்களே ‘புத்தகங்கள் இருக்கிறது’ என்கிறபோது பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? தமிழில் ‘இருக்கின்றன’ என்று எழுதப் பழகிய பிள்ளைக்கு ‘ஆர்’ தானாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். எழுவாயும் பயனிலையும் இசையாவிட்டால் அதை ‘வழு’ என்றார்கள் நம் முன்னோர். திணை, பால், இடம், காலம் என்று வழுவை வகைப்படுத்தித் தொல்காப்பியமும் நன்னூலும் பேசுகின்றன. ஆங்கில வகுப்பில் ‘அக்ரிமென்ட்’ என்று ஒரு மாதம் நடத்துகிற பாடம் வேறொன்றுமில்லை.

‘எவ்ரிஒன்’ என்ற சொல் மட்டும் சற்று வில்லங்கம் பிடித்தது. ‘எல்லாரும் வந்தார்கள்’ என்று நாம் பன்மையில் சொல்வதை அவர்கள் ஒருமையில் ‘எவ்ரிஒன் ஹேஸ் கம்’ என்கிறார்கள். இதற்கு ‘ஒவ்வொருவனும்’ என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளச் சொல்வேன். ‘ஒவ்வொருவனும் வந்தார்கள்’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ‘ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்’ என்று வந்தாலும் ‘என் நண்பர்களில் ஒருவன்’ என்று சொல்லிப் பார்த்தால், கடைசியில் நிற்கிற ‘ஒருவன்’ வினையைத் தன்பால் இழுத்துக்கொள்வான். ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற பன்மை பக்கத்தில் நின்று ஏமாற்ற முடியாது.

இனிக் காலத்துக்கு வருவோம். தமிழில் மூன்று காலம், ஆங்கிலத்தில் பன்னிரண்டு என்று ஒரு பயங்காட்டல் உண்டு. பள்ளி இலக்கண நூல்களில் கட்டம் போட்டுப் பன்னிரண்டையும் அடுக்கியிருப்பார்கள். 1930-களில் ரென், மார்ட்டின் என்ற இருவர் எழுதிய இலக்கண நூல், பிறகு பிரசாத ராவ் திருத்திய பதிப்பாக, நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. அந்த ரென்தான் ‘போ கெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924-ல் எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. நாவலை எழுதிய கைதானா இந்தக் கட்டங்களையும் போட்டது என்று எனக்கு வியப்பு.

பன்னிரண்டு என்று மிரள வேண்டியதில்லை. ‘வந்துகொண்டிருக்கிறான், வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்திருப்பான், வந்துகொண்டிருந்தான், வந்துகொண்டிருப்பான்’ என்று நாமும் தினந்தோறும் சொல்கிறோம். ‘கொண்டிரு’ என்றால் ‘இங்’. ‘இருக்கிறான்’ ஒட்டினால் ‘ஹேஸ்’. ‘இருந்தான்’ ஒட்டினால் ‘ஹேட்’. ‘அப்பா வந்திருக்கிறார்’ என்றால் வந்து, இப்போது இங்கே இருக்கிறார்; ‘ஃபாதர் ஹேஸ் கம்’ என்பதும் அதேதான். ‘மைசூருக்குப் போயிருக்கிறேன்’ என்றால் என் வாழ்நாளில் அந்த அனுபவம் எனக்கு உண்டு என்று பொருள். ‘ஐ ஹேவ் பீன் டு மைசூர்’. எட்டாவது படிக்கிற பிள்ளை ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ என்ற பெயரைக் கேட்டு நடுங்குகிறது. அந்தப் பொருளோ அதற்கு நாலு வயதிலேயே தெரியும்.

இணைகிற இடங்களைச் சொன்னால் போதாது. பிரிகிற இடங்களில்தான் பிள்ளை விழுகிறது. நான் கவனித்தவரையில் அப்படிப்பட்ட மேடு பள்ளங்கள் நான்கு.

தினசரி வழக்கத்தை நாம் எதிர்கால வினையால் சொல்வதுண்டு. ‘அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எழுந்திருப்பார், குளிப்பார், பேப்பர் படிப்பார்.’ பிள்ளை அதை அப்படியே ‘மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரிடே’ என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு உரியது சாதாரண நிகழ்காலம்: ‘கெட்ஸ் அப்’. ‘தினமும்’ என்று மனசில் தோன்றினால் ‘வில்’லை எறிந்துவிடு என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது, ‘நேற்று’. ‘நேற்று உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்’ என்று தமிழில் சொல்வது சரிதான். வந்தேன், பார்த்தேன், திரும்பிவிட்டேன் என்று அர்த்தம். இதைத்தான் நம்மவர்கள் ஆபீஸ் கடிதத்தில் ‘ஐ ஹேட் கம் யெஸ்டர்டே’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்துக்கு அங்கே ‘கேம்’ போதும். ‘ஹேட்’ வரவேண்டுமானால், முடிந்துபோன இன்னொரு நிகழ்ச்சிக்கும் முந்தியதாக அது இருக்க வேண்டும்: நான் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் ரயில் போயிருந்தது. அதேபோல் ‘அவன் நேற்றே வந்திருக்கிறான்’ என்று நாம் சொல்வோம், யாரோ சொல்லித் தெரிந்துகொண்டது என்ற தொனியில். ஆங்கிலத்து ‘ஹேஸ் கம்’ பக்கத்தில் ‘யெஸ்டர்டே’ உட்காரவே உட்காராது. நாள் குறித்துச் சொன்னால் ‘ஹேஸ்’ விலகிக்கொள்ளும்.

மூன்றாவது, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’. ‘இருக்கிறார்கள்’ என்ற ஒலி காதில் பட்டதும் பிள்ளை ‘ஆம்’ போட்டு ‘இங்’ சேர்த்துவிடுகிறது. உடைமை, அறிவு, விருப்பம் இவை நடந்துகொண்டிருக்கும் செயல்கள் அல்ல, நிலைகள். தமிழில் ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாராவது சொல்கிறோமா? ‘தெரியும்’ என்றே நிறுத்துகிறோம். அதேபோல் ‘ஐ நோ’, ‘ஐ ஹேவ்’ என்று நிறுத்த வேண்டியதுதான்.

நான்காவது நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு மிக நெருக்கமானது. ‘பத்து வருஷமா விவேக் நகரில் இருக்கிறோம்.’ தமிழ் இதை நிகழ்காலத்தில் சொல்கிறது, இருக்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலம் ஒத்துக்கொள்ளாது. அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிறதே, ஆகவே ‘வீ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்கிறது. ‘வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதினால் இரண்டு வட்டம் விழும். காலத்தின் அளவுக்கு ‘ஃபார்’. தொடங்கிய நாளுக்கு ‘சின்ஸ்’. இதையே ‘வீ லிவ்ட் இன் தர்மபுரி’ என்று சொல்லும்போது, அந்த ஊரில் இருந்தது முடிந்துவிட்டது, இப்போது இல்லை என்று அந்த வினை கதவைச் சாத்திவிடுகிறது. ஒரு பெண் இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்ட பிறகு தன் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘லிவ்ட்’ என்று எழுதக் கொஞ்சம் தயங்கினாள். “பாட்டி அங்கேதானே இருக்காங்க” என்றாள். பாட்டிக்கு ‘லிவ்ஸ்’, நமக்கு ‘லிவ்ட்’ என்றேன். அந்த ‘ஸ்’ஸை அவள் மறக்கவே மாட்டாள்.

காலம் மயங்குவது நம் மொழியிலும் உண்டு. சாப்பிட்டுக்கொண்டே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோம். இன்னும் எழுந்திருக்கவே இல்லை! விரைவு காரணமாக வராத காலத்தை இறந்த காலமாகச் சொல்லலாம் என்று இலக்கணமே இடம் கொடுக்கிறது; அதற்குக் கால வழுவமைதி என்று பெயர். வெள்ளைக்காரனும் நாளைக்குப் புறப்படும் ரயிலை ‘லீவ்ஸ் அட் டென்’ என்று நிகழ்காலத்தில் சொல்கிறான். ‘நாளைக்கு வருகிறேன்’, ‘ஐ ஆம் கமிங் டுமாரோ’ இரண்டும் ஒரே அச்சு. நம் பிள்ளைகளுக்குக் கன்னடமும் கூட இருக்கிறது. ‘ஹோகுத்தேனெ’ என்றால் போகிறேன் என்றும் ஆகும், போவேன் என்றும் ஆகும். 2015-ஆம் ஆண்டின் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கன்னடம் படித்தாக வேண்டும். அதைச் சுமை என்று நினைக்காமல், ஒரே செய்தியை மூன்று மொழியிலும் சொல்லிப் பார்க்கப் பழக்கினால் காலம் என்பது என்னவென்று பிள்ளைக்குத் தெளிவாகும். பக்கத்து ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தக் கிட்டெல் பாதிரியார் ஜெர்மானியர்; கன்னடம் கற்று 1894-ல் கன்னட ஆங்கில அகராதியே வெளியிட்டார்.

அந்நிய வினைச்சொல்லோடு மல்லுக்கட்டியவர்களில் நமக்கு இன்னும் நெருங்கியவர் ஜி.யு. போப். திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் தந்தவர் என்று அவரை அறிவோம். 1870-களில் அவர் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தார் என்பதை நம் இளையவர்கள் பலர் அறியார். விவேக் நகரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரந்தான் அந்தப் பள்ளி. 1839-ல் சென்னைக்கு வந்து இறங்கிய அவர், ஆங்கிலேயர்கள் தமிழ் கற்பதற்காகப் பயிற்சிகளோடு ஒரு கைநூல் எழுதினார். அவர்களுக்கு எது கஷ்டம் தெரியுமா? நம் இறந்த காலம். ‘வா’ என்றால் வந்தான். ‘போ’ என்றால் போனான். ‘கேள்’ என்றால் கேட்டான். ‘நில்’ என்றால் நின்றான். ‘கோ’ என்றால் ஏன் ‘வென்ட்’ என்று நம் பிள்ளை அழுவதைப் போல, ‘நில்’ என்றால் ஏன் ‘நின்றான்’ என்று அவர்கள் தவித்திருப்பார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று கேள்வி பதில் வடிவத்தில் இலக்கணமும் எழுதினார் போப்.

சரி, இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொடுப்பது? கட்டம் போட்டு மனப்பாடம் செய்தால் போதுமா? இந்தக் கேள்வியை வைத்து நம் பெங்களூரிலேயே ஒரு பெரிய சோதனை நடந்தது. 1963-ல் இங்கே தொடங்கப்பட்ட தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு, அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979-ல் ஆரம்பித்தார். 1984 வரை நடந்தது. பெங்களூர், சென்னை முதலான இடங்களில் சில சாதாரணப் பள்ளிகளில் ஆங்கில வகுப்பிலிருந்து இலக்கணப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், கணக்கு வழக்கு இவற்றைக் கொடுத்துப் புதிர் மாதிரிக் கேள்விகள். இந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? அடுத்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கிறது? முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் ஒன்றைச் செய்து காட்டுவார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தாமே செய்வார்கள். விடை சரியா என்றுதான் மதிப்பெண். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் உள்ளே தானாக ஊறும் என்பது பிரபுவின் கருத்து. ‘பெங்களூர்த் திட்டம்’ என்ற பெயரில் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் இதைப் படிக்கிறார்கள். 1987-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகப் பிரபுவின் நூலும் வந்தது.

பலன் என்ன என்று ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் சோதித்து 1985-ல் எழுதினார்கள். இலக்கண அமைப்பைக் கேட்ட தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். புதிர் வகைத் தேர்வில் புதிய முறையினர். இரண்டுக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் புதிய முறைக்குச் சற்றுச் சாதகம். பள்ளிக்குப் பள்ளி நிலைமை வேறுபட்டதால், அடித்துச் சொல்ல அவர்களும் துணியவில்லை. எனக்குத் தோன்றுவது இது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். ஆனால் பொருளை முன்னால் வைத்துப் பேச வைக்கிற பாதியை வீடுதான் சுலபமாகச் செய்ய முடியும். பள்ளியில் ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவே அது நடக்காது.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன யோசனையும் அங்கிருந்து பிறந்ததுதான். “வீட்டில் இங்கிலீஷ் பேச வேண்டாம் அம்மா. ‘ஈட் பண்ணு’வும் வேண்டாம். நல்ல தமிழாகவே பேசுங்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் மட்டும் இவனைக் கேளுங்கள். கேள்வி தமிழில், பதில் இங்கிலீஷில். அம்மா தினமும் என்ன செய்வாள்? தம்பி இப்போ என்ன பண்ணிக்கொண்டிருக்கிறான்? நேற்று என்ன நடந்தது? இந்த நான்கு வருஷத்தில் எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறோம்?”

“அவன் சொல்றது சரியா தப்பான்னு எனக்கு எப்படி சார் தெரியும்?”

“முதல் கேள்விக்கு மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவன், அவள், அது, ஒருத்தரைப் பற்றித் தினமும் நடக்கிற சேதி சொன்னால் வினையின் கடைசியில் ‘ஸ்’ என்று ஒரு சீறல் கேட்க வேண்டும். சில சொல்லில் ‘இஸ்’ என்றும், சிலதில் அழுத்தி ‘ஸ்ஸ்’ மாதிரியும் கேட்கும். கேட்கவில்லை என்றால் விரலைத் தூக்குங்கள். அவனே திருத்திக்கொள்வான். இரண்டாவது கேள்விக்கு ‘இஸ்’ஸும் ‘இங்’கும் ஜோடியாக வரவேண்டும்.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். சமையல் செய்யும்போது குக்கர் விசிலை எண்ணுகிறவளுக்கு இது ஒரு கஷ்டமா என்றார்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பிள்ளை ‘டஸ் நாட்’ என்று சொன்னால் பின்னால் வரும் வினையில் ‘ஸ்’ இருக்கக் கூடாது. ‘டஸ்’ஸே அதை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘டஸ் நாட் கோஸ்’ என்று இரண்டு முறை சீறினாலும் விரலைத் தூக்க வேண்டும். ‘டிட் நாட் வென்ட்’ என்பதும் இதே கதைதான். தமிழில் ‘வரவில்லை’ என்பதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. நான் வரவில்லை, அவன் வரவில்லை, அவர்கள் வரவில்லை, எல்லாம் ஒன்றே. அதனால் இந்த இடத்தில் தமிழ் கைகொடுக்காது. தனியாகத்தான் பழக வேண்டும். ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘வில்’ இவற்றுக்குப் பின்னும் ‘ஸ்’ கிடையாது. இதை இரண்டாவது வாரத்தில்தான் சொன்னேன். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டினால் தாயும் பிள்ளையும் ஓடிவிடுவார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, கோயில் கூட்டத்தில் இருவரையும் பார்த்தேன். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

“அம்மா ரொம்பத் தொந்தரவு சார். நேத்து மிஸ் ஃபோன்ல ‘யுவர் சன் கோ டு லைப்ரரி எவ்ரி டே’ன்னாங்க. அம்மா விரலைத் தூக்கிட்டாங்க.”